கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்துபோனவன்

தம்பி,

இதை ஒரு தாளில் எழுதி உன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கலாம். ஆனால் பிழையை ஊரறியச் செய்துவிட்டு, அதை ஒப்புக்கொள்வதை மட்டும் பெட்டிக்குள் ஒளித்துவைத்துச் செய்தால் அது என்ன நியாயம்? அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கொம்யூனிகேஷன் கடையில், அதே மூலைக் கம்பியூட்டரில் உட்கார்ந்து, 'பின்வரிசை' என்கிற அதே வலைப்பதிவில் எழுதுகிறேன். நாலு வருஷமாக இங்கே நாடகங்களைப் பற்றிக் கிழிகிழி என்று கிழித்துவரும் பின்வரிசைக்காரன் யார் என்று வாசிக்கிறவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். பதுளையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த, மனைவி கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிற, அறுபத்திரண்டு வயசு ஆள். உன் அப்பா. உனக்கு இது புதுச் செய்தி இல்லை என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நாளைக் காலை வண்டியில் நீ கொழும்புக்குப் போகிறாய், அங்கிருந்து டோஹாவுக்கு. இன்றைக்குக் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டு வர வெலிமடைக்குப் போயிருக்கிறாய். அங்கே நீ மூன்று வருஷம் லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏற்றிவிட்ட கடைக்காரர் உனக்கு இன்று விருந்து வைக்கிறாராம். நல்லது. நாளைக்கு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாய். பெட்டியை நானும் அம்மாவும் கொண்டுவருகிறோம். மகன் வெளிநாடு போகும்போது தகப்பன் புத்தி சொல்லி அனுப்ப வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தெம்பு இல்லை தம்பி. முழங்கால் வலி, கண் மங்கல், அதற்கு மேல் போன ஞாயிறிலிருந்து ஒரு அலுப்பு. புத்தி சொல்ல உட்கார்ந்தால் நான் செய்ததெல்லாம்தான் வரிசையாக வந்து நிற்கிறது. அதையே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு எட்டு வயசு இருக்கும்போது உன்னை முதன்முதலாக நாடகத்துக்குக் கூட்டிப்போனேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். நாடகக்காரர்கள் எல்லாரும் நோட்டீஸ் அடிக்க எங்கள் அச்சகத்துக்குத்தான் வருவார்கள். ஒரு நோட்டீஸில் இருபது பேருடைய பெயர் இருக்கும், ஒருவருடைய பெயருக்கு முன்னால் பட்டம் விட்டுப்போனாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வேலை முடிந்து போகும்போது இரண்டு இலவச டிக்கட் தருவார்கள். முதலாளிக்கு நாடகம் என்றால் தலைவலி, டிக்கட்டை என்னிடம் தள்ளிவிடுவார். அப்படித்தான் தொற்றிக்கொண்டது. நானும் நீயும் எப்போதும் கடைசி வரிசை, கதவோரம், இடது பக்கத்துக் கோடி நாற்காலி. முன்வரிசை உத்தியோகத்தர்களுக்கு. கைநகத்துக்குள் மை ஏறிப்போன எனக்கு அந்தக் கோடிதான் வசதியாக இருந்தது. பின்னால் இருந்தால் நாடகத்தையும் பார்க்கலாம், நாடகம் பார்க்கிறவர்களையும் பார்க்கலாம்.

ஒரு நாடகம் உனக்கு ஞாபகம் இருக்கும். யுத்தகளத்தில் ராசா நெஞ்சில் அம்பு பட்டுச் செத்துக் கிடக்கிறார். அந்த நேரம் பார்த்து மைக்கில் அறிவிப்பு: "ராசாவாக நடித்துக்கொண்டிருக்கும் நமது அண்ணனுக்கு மேல் டிவிஷன் இளைஞர்கள் மாலை அணிவிக்கிறார்கள்." செத்த ராசா எழுந்து, உடையைத் தட்டிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி போய் அதே இடத்தில் படுத்துச் செத்தார். நீ சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு நாடகத்தைக் கட்டியெழுப்பிவிட்டு நடுவில் தாங்களே உடைத்துப் போடுகிறார்களே என்று வீட்டுக்கு வரும்வரை புலம்பினேன். அந்தப் புலம்பலைத்தான் பல வருஷம் கழித்து, அச்சகத்துக்குக் கம்பியூட்டர் வந்து தமிழில் தட்டப் பழகிய பிறகு, இந்த வலைப்பதிவில் எழுதத் தொடங்கினேன். மாலை போடுகிறவர்களை, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் திரையை, டிக்கட்டை எல்லாம் விற்றுவிட்டுப் பாதி நடிகர்களோடு கொழும்பிலிருந்து வந்திறங்கும் குழுக்களை, யாரையும் விட்டுவைக்கவில்லை. எல்லாரையும்விட அதிகம் திட்டியது பிரதம விருந்தினர்களைத்தான். ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்து, விளக்கேற்றி, நாடகக்கலை வளர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, நாடகம் தொடங்கியதும் குனிந்தபடி வெளியேறுவார்களே, அவர்களை. "முடிவைப் பார்க்காதவனுக்கு நாடகத்தைப் பற்றி வாய்திறக்க உரிமை இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். இப்போதும் இந்தப் பக்கத்தின் உச்சியில் அது இருக்கிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

அந்தப் பாடத்தை உனக்கும் படித்துக்கொடுத்தவன் நான்தான். சின்ன வயசில் நீ நாடகத்தின் பாதியிலேயே என் மடியில் தூங்கிவிடுவாய். கடைசிக் காட்சி வந்ததும் கன்னத்தைத் தட்டி எழுப்புவேன். "எந்திரிடா தம்பி, கடைசிய பாக்காம நாடகம் பாத்தேன்னு சொல்லக் கூடாது." நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றும் விளங்காமல் பார்ப்பாய்.

இதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். உனக்குப் பதின்மூன்று வயசு. பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பரிசளிப்பு விழாவில் பேச்சுப் போட்டிக்கு உனக்குப் பரிசு என்று அம்மாதான் சொன்னாள். முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வேலை உடுப்போடு ஓடிவந்தேன். மண்டப வாசலில் நீ உன் கூட்டாளிகளோடு நின்றாய். ஒருவன் என்னைக் காட்டி யாரென்று கேட்டான். அவர்கள் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களின் பிள்ளைகள், பேச்சே வேறு. "ஆரடா அது, உன்னைப் பாத்துச் சிரிக்கிறார்?" நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு சொன்னாய், "எங்க தோட்டத்து ஆளு. ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்க வந்திருப்பாரு."

நான் திரும்பி நடந்துவிட்டேன். உன் பெயரைக் கூப்பிட்டதும் நீ மேடை ஏறியதும் எனக்குத் தெரியாது. அன்று மாலை நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமல். நானும் காட்டிக்கொள்ளவில்லை. "வேல அதிகம், வர முடியல" என்று சொன்னேன். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன் தம்பி. வெறும் ரோசம் அது. ஒரு அறை கொடுத்திருந்தாலோ, என்னடா அப்படிச் சொல்லிவிட்டாய் என்று கேட்டு அழுதிருந்தாலோ அன்றோடு முடிந்திருக்கும். பேசாமல் விட்டதால் அது பதினொரு வருஷம் உனக்குள் கிடந்திருக்கிறது.

இனி உன் நாடகத்தின் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், நீயும் தோட்டத்து இளைஞர்களும் நாலு மாதம் ஒத்திகை பார்த்துப் போட்ட நாடகம். நோட்டீஸை நான்தான் அடித்தேன். 'நாடகத்தின் நடுவே மாலை, பொன்னாடை ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது' என்று அடியில் ஒரு வரி போடச் சொன்னாய். அதைப் படித்துவிட்டு எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. ஆனால் நீ கதையைச் சொல்லவில்லை. கேட்டபோது, "மேடையில பாருங்கப்பா" என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஒத்திகைக்குப் போயிருந்த ஒரு நாள் உன் அலுமாரியைத் திறந்து, நீலநிறக் கொப்பியை எடுத்து, ஒரே மூச்சில் படித்தேன். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் ஒருவனைத் தேடி அவன் தகப்பன் வருகிறான். அச்சகத்துக்காரன், நகத்தில் மை. அவன் வேலை பார்க்கும் கந்தோர் விழாவில் எல்லார் முன்னாலும் மகன் அவனை "எங்க தோட்டத்து ஆளு" என்கிறான். தகப்பன் திரும்பி நடக்கிறான். கடைசிக் காட்சியில் மழையில் நனைந்து, யாருமில்லாமல் ஸ்டேஷனில் கிடந்து செத்துப்போகிறான். மகன் பிணத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறான்.

கொப்பியை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். என்ன நினைத்திருக்க வேண்டும்? பிள்ளை மனசு வருந்தி எழுதியிருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை மேடையேற்றி, என் நகத்து மையை ஊருக்குக் காட்டி, போதாக்குறைக்குக் கொன்றும் போட்டிருக்கிறான் என்றுதான் தோன்றியது. இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முப்பது வருஷம் நாடகம் பார்த்த எனக்கு ஒரு காட்சிகூட எழுத வரவில்லை. உனக்கு வந்துவிட்டது. சீ, பெற்ற பிள்ளைமேல் பொறாமையா என்று கேட்பார்கள். இருந்தது.

நாடகம் பதுளை மண்டபத்தில் மூன்று மணிக்கு என்று போட்டிருந்தோம். பிரதம விருந்தினர் வந்தபோது நாலேகால். விளக்கு, மலர்மாலை, வரவேற்புரை, தலைமையுரை, எல்லாம் முடிந்து திரை விலகியபோது ஐந்து மணி. நான் வழக்கமான கோடி நாற்காலியில் இருந்தேன். அம்மா லயத்துப் பெண்களோடு நடுவில் இருந்தாள். திரை விலகுவதற்கு முன்னால் நீ ஓரமாக எட்டிப் பார்த்து, நான் இருக்கிறேனா என்று தேடி, பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாய். நாடகம் நன்றாக இருந்தது தம்பி. மகனாக நீ நடித்தாய். விழாக் காட்சியில் நீ "எங்க தோட்டத்து ஆளு" என்று சொன்னபோது மண்டபமே அடங்கிப்போனது. அப்போது மணி ஆறரை. இந்தக் கடையை ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். நாடகம் நடந்த அன்றைக்கே விமர்சனம் போடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் எனக்கு அப்படியொரு மிதப்பு. கடைசிக் காட்சிதான் தெரியுமே, கொப்பியில் படித்துவிட்டேனே, என் சாவை நானே உட்கார்ந்து பார்க்க வேண்டுமா என்று எழுந்தேன். எத்தனையோ பிரமுகர்கள் போனதைப் போலவே குனிந்தபடி வெளியேறினேன்.

கடையில் இருக்கும் பிள்ளை, "மாமா, இருவது நிமிசந்தான் இருக்கு, மூடணும்" என்றாள். இருபது நிமிஷம் போதுமாக இருந்தது. 'தகப்பனைக் கொல்லாமல் நாடகத்தை முடிக்கத் தெரியாதவர்கள்' என்று தலைப்புப் போட்டேன். மழை, ஸ்டேஷன், பிணம், கட்டிப்பிடித்து அழுகை, இவ்வளவும் மலிவான கண்ணீர் வியாபாரம் என்று எழுதினேன். பிணமாகக் கிடந்தவரின் நடிப்பைப் பற்றிக்கூட ஒரு வரி எழுதினேன். பார்க்காத நடிப்பைப் பற்றி! பெற்ற பிள்ளை என்று தூக்கிவைத்து எழுதிவிடக் கூடாது, நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதுகிறவன் உன் தகப்பன் என்று யாருக்குமே தெரியாதபோது யாருக்காக அந்த நடுநிலை?

வீட்டுக்குப் போனேன். தோட்டத்து வேனில் அம்மா முன்னாலேயே வந்திருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள்.

"கடைசில புள்ள என்னா செஞ்சான், பாத்தீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். பின்னாலதானே இருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அடுத்த நாள் மண்டபத்தைக் கூட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டு நீ வந்தாய். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். "பரவால்ல. முடிவுக்கு இன்னும் கொஞ்சம் ஒழச்சிருக்கலாம்" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாய். அச்சகத்திலும் தெருவிலும் இரண்டு மூன்று பேர், "ஒங்க மகன் நாடகத்துல கடைசி இருக்கே" என்று தொடங்கினார்கள். "பாத்தேனே" என்று எல்லாரிடமும் முந்திக்கொண்டு சொன்னேன். பார்த்தேன் என்கிறவனிடம் யார் உட்கார்ந்து கதை சொல்வார்கள்?

இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவுக்குக் கீழே பெயர் போடாத ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'கடைசிக் காட்சியை நீங்கள் பார்த்தீர்களா?' எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'பின்வரிசைக்காரன் கடைசிவரை இருந்து பார்க்காமல் எழுதுகிறவன் அல்ல' என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும், கொழும்பிலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. அங்கே நாடக விழாவுக்கு உங்களை அழைப்பதாக இருந்தவர்கள் எழுதியிருந்தார்கள். மலையகத்து நாடகங்களைப் பற்றி இணையத்தில் எழுதும் ஒருவருடைய விமர்சனத்தைப் படித்தோம், முடிவைப் பற்றி எங்கள் குழுவில் திருப்தி இல்லை, பிறகொரு வருஷம் பார்ப்போம் என்று. நீ அதை எனக்கு வாசித்துக் காட்டினாய். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே கடைக்குப் போய் அந்தப் பதிவை எடுத்திருக்கலாம், அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். செய்யவில்லை. பின்வரிசைக்காரன் சொன்னதை மாற்றினான் என்று வரக் கூடாதாம்! அந்த மாதமே நீ வெலிமடைக்கு வேலைக்குப் போனாய். அதற்குப் பிறகு கொப்பி வாங்கவே இல்லை. உன் குழுவும் கலைந்துபோனது. நானோ அதற்குப் பிறகும் முப்பது நாற்பது நாடகங்களுக்கு விமர்சனம் எழுதினேன். நன்றாக எழுதுகிறேன் என்று கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் பாராட்டி எழுதுவார்கள். அதை வாசிக்க மனசுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறு தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லை, அவளுக்கும் ஓய்வு. உன் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நாடகத்தில் நீ போட்டிருந்த சட்டை.

"இத எதுக்கு வைக்கிற? பழசு" என்றேன்.

"இருக்கட்டும். இந்தச் சட்டையோடதான் மேடையிலேர்ந்து எறங்கி வந்தான்."

"எறங்கி வந்தானா? எங்க?"

அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "மூணு வருசம் ஆச்சு, இன்னைக்குத்தான் கேக்குறீங்க" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு சொன்னாள். நாடகத்துக்கு முதல் நாள் நீ முடிவை மாற்றிவிட்டாயாம். தகப்பன் சாகவில்லை, மழை இல்லை, ஸ்டேஷன் இல்லை. தகப்பன் திரும்பி நடந்து போனதும் மகன் அந்த விழா மேடையில் நின்று மைக்கைப் பிடித்து, "நான் பொய் சொன்னேன். அவரு எங்க தோட்டத்து ஆளு மட்டும் இல்ல. எங்க அப்பா. இங்கதான் இருக்காரு, கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினானாம். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்கு, கதவோரத்துக் கோடிக்கு வந்தானாம். என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய், பதுளையில் பாதிச் சனம் பார்த்திருக்க, இவர்தான் என்று சொல்ல.

"நாற்காலி காலியாக் கெடந்துச்சுங்க" என்றாள் அம்மா. "புள்ள அத புடிச்சுக்கிட்டு நின்னான். ரொம்ப நேரம் நின்னான். அப்பா, அப்பான்னு ரெண்டு தடவ கூப்பிட்டான். சனம் நாடகம்னு நெனச்சு எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. எல்லாரும் அழுதாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியும் அது நாடகம் இல்லன்னு."

அம்மா சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்புறம் மிச்சத்தையும் சொன்னாள். நீ அந்த விமர்சனத்தைப் படித்த அன்றே கண்டுபிடித்துவிட்டாயாம். முடிவு மாறியதை அறிந்த நடிகர்களை விட்டுவிட்டால், மழையும் ஸ்டேஷனும் பிணமும் அந்த நீலநிறக் கொப்பியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அந்தக் கொப்பி இருந்தது நம் வீட்டு அலுமாரியில். அதைப் படித்தவனும் கடைசிக் காட்சியில் நாற்காலியில் இல்லாதவனும் ஒரே ஆள்தான். பெயர் போடாமல் கேள்வி கேட்டவன் நீ. நான் உண்மையைச் சொல்ல ஒரு வழி வைத்துக் கேட்டிருக்கிறாய், நான் வீரம் பேசியிருக்கிறேன். கொழும்புக் கடிதம் வந்தபோது அம்மா உன்னிடம் சண்டை போட்டாளாம். அந்த முடிவை நாங்கள் மேடையில் போடவே இல்லை என்று ஒரு வரி எழுதிப் போடேன்டா என்று. அதற்கு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "அப்படி எழுதினா அப்பா பாக்காம பொய் எழுதினாருன்னு ஆயிடும்மா. நீங்களும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எழுதுறத விட்டுருவாரு. அப்பா நல்லா எழுதுறாரு."

தம்பி, உன் எழுத்தை நான் நிறுத்தினேன். என் எழுத்து நின்றுவிடக் கூடாது என்று நீ வாயை மூடிக்கொண்டாய். மூன்று வருஷம் வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, "இந்த வாரம் என்னா நாடகம்ப்பா பாத்தீங்க?" என்று கேட்டாய். நானும் கதை கதையாகச் சொன்னேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தப் பதிவை அழித்துவிடலாமா என்று இன்று முதலில் நினைத்தேன். அழிக்கப் போவதில்லை. அழித்தால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன். அது அங்கேயே கிடக்கட்டும், அதற்குக் கீழே உன் கேள்வியும் கிடக்கட்டும். மூன்று வருஷம் பிந்தி இப்போதுதான் சரியான பதிலைப் போட்டுவிட்டு வந்தேன். 'இல்லை. நான் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டேன்.' என் சொந்தப் பெயரையும் போட்டிருக்கிறேன். கொழும்புக்காரர்களுக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர்கள் இனி என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. நாடகம் கலைந்துவிட்டது, நடித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம். சில பிழைகளுக்குப் பரிகாரம் பிந்தித்தான் கிடைக்கிறது, அதனால் பெரிய பிரயோசனமும் இல்லை.

புத்தி என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, விட்டுவிடத்தான் நிறைய இருக்கிறது. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதே. மனசு நொந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல் ரோசத்தைப் பொத்தி வைக்காதே. பரிசளிப்பு விழாவில் நீ சொன்னது எனக்குக் கேட்டது தம்பி. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு வருகிற கூச்சம் அது, நான் எப்போதோ மன்னித்திருக்க வேண்டியது. நீ மட்டும் அதற்காக முழு மண்டபத்தையும் கடந்து நடந்து வந்திருக்கிறாய். பெட்டியில் வெள்ளைச் சட்டைக்கு அடியில் புதிதாக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நீலநிறம் கிடைக்கவில்லை, பச்சைதான் கிடைத்தது. எழுதினால் எழுது. எழுதாவிட்டால் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதற்காவது உதவும். திறந்து படிக்க மாட்டேன், நம்பு.

இதை இன்றைக்கே வெலிமடையில் படிப்பாயோ, டோஹா போய்த்தான் படிப்பாயோ, தெரியாது. கடைப் பிள்ளை இரண்டு தடவை மணியைக் காட்டிவிட்டாள். மூடட்டும், எனக்கு இனி அவசரம் இல்லை. நாளைக்கு வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே நானும் அம்மாவும் வந்து ஸ்டேஷன் வாங்குப் பலகையில் கடைசிக் கோடியில் உட்கார்ந்திருப்போம். நீ வெலிமடை பஸ்ஸிலிருந்து இறங்கிக் கூட்டாளிகளோடு வருவாய். யாராவது என்னைக் காட்டி யாரென்று கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல்லு, தோட்டத்து ஆள் என்றாலும் எனக்குச் சம்மதம். நீ வண்டி ஏறி, வண்டி நகர்ந்து, கடைசிப் பெட்டி வளைவில் மறைகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போ தம்பி. இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன்.

அப்பா